பல் டாக்டரின் சாய்வு உளி

ஆட்டோவில் ஏறினால் டாக்டர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, ஓட்டுநரின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, "லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும், இப்ப விடுங்க" என்று வழி நெடுக வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வருவார். ஹேண்டில் மட்டும்தான் அவர் கையில் இருக்காது. அது அவருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும்.

யார் கையில் எந்தக் கருவி இருந்தாலும் அது தன் கைக்கு வந்துவிட வேண்டும். ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்ணிடம் "குடும்மா" என்று ஊசியை வாங்கி, தன் இடது கையில் தானே குத்தி எடுத்துக் கொடுத்தார். பார்லரில் கத்தரியை வாங்கிக் கண்ணாடியைப் பார்த்துப் பின்னந்தலையைத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். அது வளர்ந்து சமமாகும் வரை கிளினிக்கில் அறுவை சிகிச்சைத் தொப்பியோடுதான் நடமாடினார். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்தவர், குழந்தையின் பிஞ்சுக் கையிலிருந்து கத்தியை உருவி, கேக்கை ஸ்கேல் வைத்ததுபோல் வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "ஏம்மா, பசியா இருக்கும், பாரு" என்றார் என்னிடம்.

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் கிளினிக். முன்னால் நோயாளிகள் உட்காரும் இடம், நடுவில் சிகிச்சை அறை, பின்னால் பழைய சாமான்கள் கிடந்த ஓர் அறை. வரவேற்பு மேசையில் நான். டாக்டருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் கப்பலில் என்ஜினியர், வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். டாக்டரின் கைக்கு அடங்காத கருவி எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

நோயாளிகளுக்குப் புது பெஞ்சு வேண்டும் என்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாயின் மரச்சாமான் கடைக்கு நானும் அவரும் போனோம். கடையின் பின்கட்டில் கடைசல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டையை இரண்டு முனையிலும் கவ்விக்கொண்டு அது சுழல, ஒருவர் உளியை வைத்துக் கட்டில்கால் கடைந்துகொண்டிருந்தார். டாக்டர் பெஞ்சை மறந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த உளிகளில் ஒன்றைக் காட்டினார். தட்டையாக, கத்திபோல, முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது.

"இது எதுக்கு பாய்?"

"அத்த உடுங்க டாக்டரம்மா. சாய்வு உளி. சரியா புடிச்சா உப்புத்தாளே தேவையில்ல, கண்ணாடி மாதிரி சீவும்னு சொல்வாங்க. ஆனா கடிக்கும். நான் பெயின்ட் டப்பா தொறக்கத்தான் வெச்சிகினு கீறேன்."

"கடிக்குமா?" டாக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தினமும் கடிக்கிற வாய்களுக்குள் கையை விடுகிறவர் அல்லவா! "குடுங்க."

பாயும் கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் உளியைச் சுழலும் கட்டையில் வைத்தார். டமால் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி உளி அவர் கையில் இல்லை. புதிதாக பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்த ஓர் அலமாரியின் கதவில் குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்தது. கட்டில்காலைச் சுற்றிலும் திருகாணி மாதிரி ஒரு பள்ளம்.

"நான்தான் சொன்னேனே" என்றார் பாய்.

டாக்டர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைக்கு அப்படியொரு அவமானம் அதற்கு முன் நேர்ந்ததில்லை. பெஞ்சு வாங்கப் போன நாங்கள் ஒரு பழைய சின்ன மிஷினையும், அந்த உளியையும், காயம்பட்ட அலமாரியையும் வாங்கிக்கொண்டு வந்தோம். பெஞ்சு வாங்க மறந்துவிட்டோம்.

மிஷின் பின்னறையில் குடியேறியது. மாலை கிளினிக் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம், தினமும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகும்கூட, டாக்டர் அந்த அறையில் இருப்பார். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த கண்ணாடி முகமூடிகளில் ஒன்றை மாட்டிக்கொள்வார். மரத்தூள் ஏப்ரன் மேலெல்லாம் பூத்திருக்கும். வீடியோவில் கூப்பிட்ட கணவர், "என்ன, மரத்துக்கெல்லாம் பல்லு கட்டப் போறியா?" என்று கேட்டதும், போனையே திருப்பி வைத்துவிட்டார்.

அந்த உளியின் குணத்தை நாளடைவில் நானும் தெரிந்துகொண்டேன். அதன் சாய்ந்த முதுகு சுழலும் கட்டையின்மேல் படுத்திருக்க வேண்டும். கூர்மையான விளிம்பில் கீழ்ப்பாதிதான் வெட்ட வேண்டும். மேல்முனை இம்மி பட்டாலும் போயிற்று, உளி கட்டைக்குள் பாய்ந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். டாக்டருக்கோ இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம்; கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வந்த பிடி அது. நல்ல வேளையாக மிஷினில் முழங்கை நீளத்துக்கு மேல் கட்டை போடமுடியாது. அதனால் சேதமும் அந்த அளவோடு நின்றது.

பல் அடைத்த பிறகு "கடிச்சுக் காட்டுங்க" என்று ஒரு நீலத் தாளை நோயாளிகளின் பற்களுக்கு நடுவே வைப்போமே, அந்தத் தாளை எடுத்து உளியின் முதுகில் தேய்த்துவிடுவார். ஒரு முறை சீவியபின், நீலம் எங்கே அழிந்திருக்கிறது என்று பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். "இங்க படணும், அங்க பட்டிருக்கு" என்று உளியையே கோபித்துக்கொள்வார். கட்டையிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "ஒண்ணும் இல்லடா கண்ணு, அசையாம இரு, அசையாம இரு, இதோ ஆச்சு." டமால்! "ச்சே!"

இந்த டமால்தான் எங்கள் பிழைப்பில் கைவைத்தது. எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர் ஒருவர், ஆறடி உயரம், மீசையைப் பார்த்தாலே டிராஃபிக் போலீஸ் வழிவிடும், ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு சீக்கிரமே வந்து உட்கார்ந்தார். சுவருக்குப் பின்னால் மிஷின் கிர்ரென்று ஆரம்பித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். டமால் என்று விழுந்தது. அதைத் தொடர்ந்து டாக்டரின் குரல்: "ஐயோ, மறுபடியும் கிழிச்சுட்டேனே!"

"யக்கா," என்றார் அவர் மெதுவாக, "உள்ள யாரு கீறாங்கோ?"

"யாரும் இல்லண்ணா. டாக்டர் மட்டும்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். அது அவரை ஏன் அவ்வளவு கலவரப்படுத்தியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதே நேரம் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு, முகமூடியும் தலையெல்லாம் மரச்சுருளும் கையில் நீளமான உளியுமாக டாக்டர் எட்டிப் பார்த்து, "அடுத்து யாரு?" என்று கேட்டார். ஆட்டோக்காரர் ஒரு செருப்பை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கே போனார். மற்ற ஓட்டுநர்கள் முன்னால், "தலைவரே, பல்லுக்கு வேணாம், செருப்புக்காவது வாங்க" என்று சொல்லி அவரைக் கையோடு கூட்டி வந்தார். நேராகப் பின்னறைக்கு. முகமூடியை மாட்டிவிட்டு, உளியைக் கொடுத்து, "சும்மா ஒரு தடவை வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தார். டமால் என்ற சத்தத்தில் ஆறடி மனிதர் பின்னால் தாவி என் காலை மிதித்தார்.

"இன்னா டாக்டர் இது, பேயி மாரி கீது!"

"இதைவிட என் டிரில் சின்னதுதான். வர்றீங்களா?"

அவர் ஆட்டுக்குட்டி மாதிரி வந்து நாற்காலியில் படுத்தார். அன்று முதல் பயந்த நோயாளிகளுக்கெல்லாம் அதுதான் வைத்தியம். பின்னறையில் ஒரு கடி வாங்கிவிட்டு வந்தவர்களுக்கு ஊசி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. டாக்டர் அதில் அநியாயத்துக்கு சந்தோஷப்பட்டார். தனக்கு மட்டுமல்ல, ஊருக்கே அந்த உளி அடங்கவில்லை என்பதை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ருசுப்படுத்திக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவரைப் பற்றிய இன்னொரு விஷயம் எனக்குத் தெரியவந்தது இந்தச் சமயத்தில்தான். காபி குடிக்கும்போது கிளி மாதிரி தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக் குடித்தார். முறுக்கு வாங்கி வந்தால் ஊறவைத்துச் சாப்பிட்டார். கிராம்பு எண்ணெய் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. பல் கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் வாசனையை யார் சந்தேகப்படுவது? ஒருநாள் எக்ஸ்ரே பட்டனை அழுத்த என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். வந்த படத்தில் வலது கீழ்த்தாடையின் கடைசிப் பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து, வேரில் கருப்பாக ஒரு வளையத்தோடு இருந்தது. அத்தனை வருடம் இந்தப் படங்களைப் பார்த்தவளுக்கு அது போதும்.

"டாக்டர், இதை எடுத்தே ஆகணுமே."

"தெரியும். பாத்துக்கலாம்."

"எப்பத்திலேர்ந்து வலிக்குது?"

"போன கிறிஸ்மஸ்லேர்ந்து. அதுக்கு முந்தின கிறிஸ்மஸா இருக்கும்."

ஊரில் உள்ளவர்களின் வாயையெல்லாம் திறக்க வைத்தவர் இன்னொருவர் முன்னால் தன் வாயைத் திறக்கமாட்டேன் என்றார். அவரே எடுத்துக்கொள்ளவும் பார்த்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிவிட்டு, இடுக்கியை வாய்க்குள் கொண்டுபோனார். கண்ணாடியில் இடம் வலமாகி, வலம் இடமாகி, இடுக்கி நல்ல பல் ஒன்றைப் போய்ப் பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு வெளியே எடுத்து, "வெளிச்சம் சரியில்ல" என்றார். தலைக்கு மேலே அந்தப் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் விடவில்லை. தினமும் கேட்டேன். தொந்தரவு தாங்காமல் ஒருநாள், "சரி பொண்ணே. முழுக் கட்டையை, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு கடி இல்லாம என்னிக்கு சீவறேனோ, அன்னிக்கே போய்ப் புடுங்கிக்கறேன். போதுமா?" என்றார். பைபிள் மேல் சத்தியம் செய்யாத குறை. நானும் நம்பினேன். அதன் பிறகு டாக்டரைவிட நான்தான் அந்த உளிக்காக அதிகம் ஜெபம் செய்தேன்.

மாதங்கள் போயின. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு என் காதும் தேறியது. முதலில் கிர்ரென்று ஆரம்பித்ததும் டமால். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று சின்னதாக ஒரு சீவல் சத்தம், அப்புறம் டமால். அந்த ஸ்ஸ்ஸ் நீண்டுகொண்டே வந்தது. கூட்டிப் பெருக்கும்போது பொடித்தூள் குறைந்து, ரிப்பன் மாதிரி சுருள் சுருளாக வர ஆரம்பித்தது. பாய் ஒருமுறை பல் காட்ட வந்தபோது ஒரு சுருளை எடுத்து இழுத்துப் பார்த்து, "நெசமா நீங்களா சீவுனீங்க?" என்று கேட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்த டமாலும், "ச்சே!"யும் தவறாமல் வந்தன. "இன்னிக்கும் இல்லையா டாக்டர்?" என்று கேட்பேன். "எங்கம்மா! கடைசியில போய்க் கடிச்சிடுது" என்று உதட்டைப் பிதுக்குவார்.

ஐப்பசி மழையில் ஜிஎஸ்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒருநாள், முன்பக்கத் தண்ணீரில் இறங்காமல் வரவேண்டும் என்று பின்சந்து வழியாக வந்தேன். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. டாக்டர் மிஷின் முன் நின்றிருந்தார். உளியை விரல் நுனிகளில், ஏதோ பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். உடம்பு மட்டும் மெதுவாக நகர்ந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒரே சத்தம், இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரை. சுருள் அவர் மணிக்கட்டின் மேலாக வழிந்து தரைக்குப் போயிற்று. திரும்பவும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. மிஷினை நிறுத்திவிட்டுக் கட்டையைத் தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்தும் பார்த்தார், நல்ல பக்கத்துக் கன்னத்தில்.

எனக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்தே கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் முன்னால் வந்து உட்காரும் நேரம். மிஷினை மறுபடி போட்டார். முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, உளியின் மேல்முனையைத் திருப்பி, கட்டையின் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு தொடு தொட்டார்.

டமால்!

"ச்சே!" என்று முன்பக்கச் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

நான் சத்தமில்லாமல் சந்தைச் சுற்றி முன்னால் போனேன். அவர் சிகிச்சை அறைக்குப் போனதும் பின்னறையில் கழிவுக் கட்டைகள் போடும் பக்கெட்டைக் கவிழ்த்தேன். மேலாகக் கிடந்த கட்டைகள் அத்தனையும் கண்ணாடி மாதிரி இருந்தன. அத்தனையிலும் வலது ஓரத்தில், ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு கடி. வாரிக்கொண்டுபோய் அவர் மேசையில் வரிசையாக அடுக்கினேன்.

டாக்டர் கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த எடத்துல முடிச்சு இருந்திருக்கும்" என்றார்.

"எல்லாக் கட்டையிலயுமா டாக்டர்?"

"ஒரே மரம்மா."

"வேம்பு ரெண்டு, சவுக்கு மூணு, மத்தது பாய் குடுத்த தேக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவுடன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றார். அந்த வாரமே கன்னம் பூரி மாதிரி உப்பி, காய்ச்சலும் வந்தது. நோயாளிகளிடம் அவர் சொல்வதை நான் அப்படியே அவரிடம் சொன்னேன்: தள்ளிப்போட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும், கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"கிழக்குத் தாம்பரத்துல, நீங்க காலேஜ்ல பாடம் எடுத்தப்ப படிச்ச ஸ்டூடன்ட் ஒருத்தர் இருக்காரே. அவருக்கு போன் பண்றேன்."

"அவனா? அவனுக்கு நான்தான் மார்க் போட்டேன். எவ்வளவு போட்டேன்னு எனக்குத் தெரியும்."

"டாக்டர், நீங்க பயப்படறீங்க."

யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. மாத்திரை அட்டையை மடக்கி மடக்கி நிமிர்த்தினார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "எம்மேல ஒருத்தன் குனிஞ்சு நின்னு, கையில எதையோ வெச்சுக்கிட்டு, அது என்னன்னு எனக்குத் தெரியாம... நெனச்சாலே கை வேர்க்குதும்மா" என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. நான் போனை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

வீக்கம் அடங்கியதும் புறப்பட்டோம். ஸ்டாண்டிலிருந்து தலைவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த ஆனந்தம் சொல்லி மாளாது. "டாக்டருக்குப் பல்லு புடுங்கறாங்களா? துட்டே வாணாம், குந்துங்கோ!" வழியில் டாக்டர் வலிக்கிற வாயால் "லெஃப்ட்ல ஒடிங்க" என்றது அவருக்கு மட்டும் ஏனோ காதில் விழவேயில்லை.

அந்த மாணவ டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். இவரைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "மேடம், நீங்க... உக்காருங்க மேடம்" என்று தன்னுடைய நாற்காலியைக் காட்டினார். நோயாளி நாற்காலியை நான் காட்டினேன். டாக்டர் படுத்தார். ஊசி போட்டு மரத்துப்போகும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவர் இடுக்கியைக் கையில் எடுத்ததும் டாக்டரின் கை தானாக நீண்டது.

"குடு."

அவர் கொடுத்துவிட்டார்! படித்த காலத்துப் பயம். டாக்டர் இடுக்கியோடு படுத்திருக்க, அவர் வெறுங்கையோடு நிற்க, அவருடைய நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, சில நொடிகள் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் போய்க் குனிந்து, டாக்டரின் கையிலிருந்த இடுக்கியைப் பிடித்தேன். இழுத்துப் பறிக்க வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடித்தேன். ஆனால் விரல்கள் இறுக்கமாகவே இல்லை. தொட்டதும் என் கைக்கு வந்துவிட்டது; அதை அந்த மாணவ டாக்டரிடம் நீட்டினேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். வாயை அகலமாகத் திறந்தார்.

பல்லை எடுக்கும்போது டாக்டர் போட்ட சத்தத்தில் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்த தலைவர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். மரத்துப்போன இடத்தில் அவ்வளவு வலித்திருக்க நியாயமில்லை என்று அந்த இளம் டாக்டர் திரும்பத் திரும்ப எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம்.

மறுநாள் ஓய்வெடுங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் டாக்டர் கிளினிக்குக்கு வந்தார். முதல் ஆளாக, பம்மல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பல் எடுக்க வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"வலிக்குமா டாக்டர்?"

டாக்டரின் கை தன் கன்னத்துக்குப் போயிற்று.

"வலிக்கும்மா. நேத்து எனக்கும் எடுத்தாங்க. நான் நல்லா கத்தினேன். நீங்களும் தாராளமா கத்துங்க." கதவுப் பக்கம் திரும்பி, "பொண்ணே, டிவி சவுண்டை ஏத்து!" என்றார்.

நான் ஏற்றினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சீரியலை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா வாயில் பஞ்சோடு, அமைதியாக, தன் பையைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

பின்னால் வந்த டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் மேசைக்கு வந்து, ரகசியமாக, மிகுந்த ஏமாற்றத்தோடு கேட்டார்: "அப்ப நான்தான் ரொம்பக் கத்திட்டேனா?"